பிறவுணி கிண்டாத எட்டு நாட்கள்

இதைப் பதினாலு பேருக்காக எழுதுகிறேன். எங்கள் வகுப்பில் முப்பத்தொரு பேர் இருந்தோம். இப்போது மிஞ்சியிருப்பது என்னையும் சேர்த்துப் பதினைந்து. அதில் நாலு பேருக்குக் கண் சரியில்லை. பேரப்பிள்ளைகள் யாராவது வாசித்துக் காட்டட்டும். காது சரியில்லாதவர்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்தால் ஒருவரும் மிஞ்சமாட்டோம்.

எழுத உட்கார்ந்து முக்கால் மணித்தியாலம் ஆகிறது. அதற்குள் ஐந்து தரம் எழும்பிப் போய் முற்றத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். காரணம் மகளின் நாய். வயது எட்டு மாதம். மூன்று கிழமைக்குள் அது தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் வயர் இரண்டு, செருப்பு நாலு (நாலும் இடக்கால்), என் மூக்குக்கண்ணாடியின் வலப்பக்கக் கை, ஒரு தலையணை ஆகியவற்றை முடித்துவிட்டது. முற்றத்தில் நேற்று வரை பதினேழு குழிகள். மருமகன், சங்கிலி வாங்கிக் கட்டிப்போடுவோம் என்கிறார். மகள் கேட்கவில்லை, மிருக வைத்தியரிடம் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன், வாகனத்தில் அதைப் பிடித்துக்கொள்ள.

வைத்தியர் என் பேத்தியின் வயதுப் பெண். அவர் சொன்னார்: கட்டிவைத்தால் கூடுமே தவிரக் குறையாது. காலையும் மாலையும் களைக்கக் களைக்க ஓடவிடுங்கள். கடிப்பதற்கு அதற்கென்று ஒரு சாமான் கொடுங்கள். கிண்டுவதற்கும் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்குங்கள்; விருப்பமான சாப்பாட்டை அங்கே மட்டும் மண்ணுக்குள் தாட்டு வையுங்கள், மற்ற இடங்களைத் தானாக விட்டுவிடும்.

மகள் ஏதோ புதுக் கண்டுபிடிப்பைக் கேட்பதுபோலக் குறித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கதிரையில் இருக்கமுடியவில்லை. எழும்பி வெளியே வந்துவிட்டேன். அந்த மூன்றையும் நான் ஒன்பது வயதில் செய்திருக்கிறேன், ஒருவரும் சொல்லித்தராமல். செய்து, எட்டு நாள் வெற்றியும் கண்டு, அந்த வெற்றியாலேயே ஒரு நாயை இழந்தவன் நான்.

அதைத்தான் சொல்லப்போகிறேன். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்கு என்றால் சொல்லலாம். உங்களுக்கும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும்.

எங்கள் வீடு மன்னார்த் தீவின் வடக்குக் கரையில், மாதா கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. கோயில் மதிலிலிருந்து எங்கள் வேலிப் படலைக்கு எட்டு வைத்து நடந்தால் நூற்று நாற்பது. படலையிலிருந்து தண்ணீருக்கு, வற்று நேரத்தில் முந்நூறு, பெருக்கு நேரத்தில் இருநூற்றுப் பத்து. ஐயா, என் அப்பா, கடலுக்குப் போவதில்லை. அவருடைய வேலை கடலட்டை அவிப்பது. வயலிலிருக்கும் அட்டையை நினைக்கவேண்டாம். இது ஒரு சாண் நீளம், வெள்ளரிக்காய்ப் பருமன். தலை எது, வால் எது என்று அதற்கே தெரியுமோ என்னவோ. குளிகாரர் மூழ்கி எடுத்துவருவார்கள். வயிற்றைக் கீறிக் குடலெடுத்துப் பெரிய தாச்சியில் அவிக்கவேண்டும். பின்னேரம் முற்றத்தில் குழி வெட்டி, ஈர மணலில் அத்தனையையும் புதைக்கவேண்டும். அடுத்தநாள் காலையில் எடுத்தால் தோலிலுள்ள சுண்ணாம்பு ஊறிக் கழன்று வரும். ஓலைப்பெட்டியில் போட்டு மிதித்துக் கழுவி, மறுபடி அவித்து, வெயிலில் காயவைத்தால் கருங்கல்போல ஆகிவிடும். அது சிங்கப்பூருக்குப் போகும். எங்களில் ஒருவரும் அதைத் தின்று பார்த்ததில்லை.

புதைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நேரத்துக்கு முன் வெளியே வந்து காற்றுப்பட்டால் தோல் இறுகிப்போகும். பிறகு மிதித்தாலும் கழலாது. பல் பட்டால் அதோடு கழிவு. படகுகள் மூன்றும் சம்மாட்டியாருடையவை, குளிகாரர் அவருடைய ஆட்கள், அட்டையும் அவருடையது. புதைத்து எடுப்பதுவரை பொறுப்பு மட்டும் ஐயாவுடையது.

அந்த வீட்டுக்குத்தான் என் மாமா, அம்மாவின் தம்பி, அரிப்பு என்ற ஊரிலிருந்து ஒரு நாய்க்குட்டியைச் சாக்கில் போட்டு வள்ளத்தில் கொண்டுவந்தார். மண்ணிறம், நெஞ்சில் மட்டும் வெள்ளை. பெயரையும் அவரே வைத்தார், மண்ணிறத்துக்கு இங்கிலீசில் சொல்வதை வைத்து: பிறவுணி. அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று பிறவுணி இருந்தன. படலையில் நின்று கூப்பிட்டால் மூன்றும் வரும்.

"காவலுக்கு அக்கா," என்றார் மாமா. "கள்ளன் வந்தால் விடாது."

"கள்ளன் இங்க என்னத்துக்கு வாறான்? அட்டை மணத்துக்கு மனுசரே வாறேல்ல," என்றார் அம்மா.

அப்போது அதற்கு ஐந்து மாதம் இருக்கலாம். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் வயது. பல்முரசு தினவெடுத்து எதையாவது கடிக்காவிட்டால் அதற்கு இருப்புக்கொள்ளாது. இன்றைக்கு இது எனக்குத் தெரியும். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் அதைக் கொழுப்பு என்றார்கள்.

கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில் நான் எழுதி வைத்திருந்தேன். முதல் மாதம்: செருப்பு ஆறு, வலை மிதவைக்கட்டை பத்தொன்பது, துவாய் ஒன்று, அக்காவின் ரிபன் இரண்டு, கதிரைக் கால் ஒன்று. அந்தக் கதிரை கோயில் சாமியார் எங்கள் வீட்டை மந்திரிக்க வரும்போது இருப்பதற்கென்று வைத்திருந்தது. மற்ற நாட்களில் அதில் ஒருவரும் இருக்கக்கூடாது. நாய்க்கு அது எப்படித் தெரியும்?

அம்மா செத்தல் மிளகாயை அரைத்துக் கதிரையின் நாலு காலிலும் பூசினார். பிறவுணி ஒரு தரம் நக்கியது. ஏழு தரம் தும்மியது. கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தது. பிறகு அலுமாரியின் காலைக் கடிக்கத் தொடங்கியது. கதிரையைத் தூக்கி வைத்த அக்கா அந்தக் கையால் கண்ணைக் கசக்கியதில், அன்று பின்னேரம் முழுக்கக் குசினிக்குள் ஒரே ஒப்பாரி.

ஐயாவின் வைத்தியம் வேறு. கடித்த செருப்பை நாயின் கழுத்திலேயே கட்டித் தொங்கவிட்டால் வெட்கத்தில் மறந்துவிடுமாம். யாரோ குளிகாரர் சொன்னது. பிறவுணி மூன்று நாள் கழுத்தில் செருப்போடு திரிந்தது. அதற்குச் சந்தோஷம் தாங்கமுடியவில்லை. இனித் தேடிப்போகத் தேவையில்லை. தலையைக் குனிந்தால் செருப்பு.

"வெக்கம் கெட்டதுக்கு வெக்கம் வருமே," என்றார் ஐயா, அவிழ்த்துவிடும்போது.

கடிப்பது பரவாயில்லை. கிண்டுவதுதான் வினையாகப் போனது. கிணற்றடி, வேலியடி, மரவள்ளிப் பாத்தி என்று ஒரு நாளைக்கு நாலு குழி, ஐந்து குழி. ஐயா சம்மாட்டியாரிடம் போய்விட்டுப் பின்னேரம் வந்து பார்ப்பார். நாயைக் காதில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குழிக்குள் மூக்கை அமத்தி, ஈர்க்கிலால் போடுவார். குழி காலையில் கிண்டியது, அடி பின்னேரம். அதற்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான்: ஐயா வந்தால் அடி விழும். அவருடைய சைக்கிள் மணி கேட்டதும் அது காதை மடித்துக்கொண்டு பதுங்கிவிடும். ஐயா அதைப் பார்த்து, "பாருங்கோ, செய்த பிழை அதுக்குத் தெரியுது. தெரிஞ்சு செய்யுது," என்பார்.

அதுவும் சும்மா இருந்து கெட்டுப்போகவில்லை. தினமும் பின்னேரம் வளர்ந்த மனிதர் நாலு பேர் குழி வெட்டி எதையோ புதைப்பதையும், அடுத்தநாள் காலையில் அதே நாலு பேர் கிண்டி எடுத்துக் கலகலவென்று பேசிச் சிரிப்பதையும் அது பார்த்துக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டுத் தொழிலே கிண்டுவது என்று அது எடுத்துக்கொண்டதில் என்ன பிழை?

தென்மேற்குச் சோளகக் காற்று பலமாக வீசிய ஒரு காலையில் அட்டைக்குழியின் ஒரு பக்கம் திறந்து கிடந்தது. ஆறு அட்டையில் பல். சம்மாட்டியார் ஒன்றைத் தூக்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.

"சிங்கப்பூர்க்காரனுக்கு முந்தி உன்ர நாய் ருசி பாத்திட்டுது. என்னவாம், உப்புக் காணுமாமோ?"

குளிகாரர் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை.

"இனி நடவாது சம்மாட்டியார்."

"நடந்தால் ஒண்டில் நாய் நிக்கும், ஒண்டில் நீ நிப்பாய். அவிக்கிறதுக்கு வேற ஆள் கிடையாதெண்டு நினையாதை."

மத்தியானச் சாப்பாட்டில் ஐயா தீர்ப்பைச் சொன்னார். கோயில் திருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள். திருநாளுக்கு நானாட்டானிலிருந்து நெல்லுக்காரர் மாட்டுக் கரத்தையில் வருவார். அரிசி கொண்டுவந்து தந்து கருவாடு கொண்டுபோகிற வயல்காரர். சைவ சமயக்காரர்தான், என்றாலும் எங்கள் மாதா திருநாளை ஒரு வருடமும் தவறவிட்டதில்லை.

"அதுவரைக்கும் பாப்பன். இடையில ஒரு குழி கண்டனோ, நெல்லுக்காரற்ற கரத்தையில ஏத்திவிட்டிடுவன்."

"இண்டைக்கே ஆரிட்டயும் குடுங்கோ ஐயா," என்றாள் அக்கா. "ஒன்பது நாளாம்! ஒன்பது நிமிசம் இருக்காது."

அம்மா சொன்னார், "நாளைக்கு நவநாள் செபம் தொடங்குது. நான் மாதாவிட்டக் கேக்கிறன்."

"நாய்க்கோ?"

"ஏன், நாயை என்ன நீங்களோ படைச்சனீங்கள்?"

நான் கொப்பியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

இந்த இடத்தில் மறுபடி எழும்பிப் போய்ப் பார்த்தேன். ஆறாவது தரம். மகளின் நாய் வாசலில் படுத்திருக்கிறது. கண் மட்டும் திறந்திருக்கிறது. அந்தப் படுக்கை எனக்குப் பிடிக்கவில்லை.

கொப்பியில் நான் குழிகளை நாள்வாரியாகக் குறித்திருந்தேன். திங்கள் நாலு, செவ்வாய் ஐந்து, புதன் நாலு என்று போகும். ஞாயிறு பூச்சியம். அதற்கு முந்திய ஞாயிறும் பூச்சியம். நாலு ஞாயிறும் பூச்சியம். நாய் ஓய்வுநாளை அனுசரிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னால் நம்பியிருப்பார். நான் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை கடல் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. பூசை முடிந்து வந்தால் நானும் பிறவுணியும் கடற்கரையில் வெயில் ஏறும்வரை ஓடுவோம். மற்ற நாட்களில் அதை வேலிக்கட்டையில் கட்டிவிட்டு எல்லாரும் போய்விடுவோம்; அது முடிச்சை இழுத்துக் கழற்றிவிடும். இன்னொன்றும் கண்டேன்: குழிகள் எல்லாம் ஈரமான இடத்தில்தான் இருந்தன. வெயிலுக்கு அது வயிற்றைக் குளிர வைக்க இடம் தேடியிருக்கிறது.

அடுத்தநாள் தொடங்கினேன். விடிந்ததும் எழும்பி, தண்ணீர் ஓரமாகக் கால் எட்டில் கிழக்கே ஆயிரம், திரும்பி ஆயிரம், ஓட்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்து மறுபடியும். வீட்டுக்குப் பின்னால் பனை வடலிக் கூட்டம் ஒன்று இருந்தது. அதற்கு அங்காலே ஒருவரும் போவதில்லை. அங்கே ஒரு பாய் அகலத்துக்கு மண்ணைக் கிளறி, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, ஒரு முழ ஆழத்தில் மீன் தலையைத் தாட்டேன். நாயைக் கொண்டுபோய், "இங்க" என்று கையால் மண்ணைத் தட்டிக் காட்டினேன். வேறெங்காவது காலை வைத்தால் அடிக்கவில்லை, கத்தவில்லை. கயிற்றில் பிடித்து அங்கே கொண்டுபோய் "இங்க" என்றேன். அது எடுத்ததை என் காலடியில் கொண்டுவந்து போட்டால் தலையைத் தடவி, அதற்கே கொடுத்தேன். கடிக்கப் பனங்கொட்டை கொடுத்தேன். அது பனம்பழக் காலம். சூப்பிப் போட்ட கொட்டையின் தும்பு நாயின் பல்லுக்கு நல்ல வேலை. செருப்பை எடுத்தால் பிடுங்குவதில்லை. பிடுங்கினால் அது விளையாட்டென்று ஓடும். கொட்டையை நீட்டுவேன், செருப்பைப் போட்டுவிடும்.

உண்மையைச் சொல்லவேண்டும். முதல் நாள் வேலியடியில் ஒரு குழி, இரண்டாம் நாள் ஒன்று. இரண்டையும் ஐயா வரமுன் மூடி மேலே சருகு போட்டேன். மூன்றாம் நாள் பூச்சியம். நாலாம் நாளும் பூச்சியம்.

ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை? முதல் காரணம் மீன் தலை. பாரைத் தலை எங்கள் வீட்டில் ஐயாவுடைய பங்கு. அந்தக் கிழமை முழுக்க அது குறைந்துகொண்டே வந்தது. அம்மா பூனையைத் திட்டினார். நானும் பூனையைத் திட்டினேன்.

இரண்டாம் காரணம் அம்மாதான். நாலாம் நாள் நவநாள் முடிந்து வரும்போதே படலையில் நின்று முற்றத்தைப் பார்த்தார். ஒரு குழி இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கண்டியளோ," என்றார் ஐயாவிடம். "கேட்டன், தந்திட்டா."

"அட்டை அவிக்கிறவன்ர வீட்டு நாய்க்கு மாதா புதுமை செய்தவவாம்," என்றார் ஐயா. ஆனால் அவரும் கிணற்றடி, வேலியடி எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். "புத்தி வந்திட்டுதுதான் போல."

ஐந்தாம் நாள் அம்மா இதைக் கோயில் மூப்பரிடம் சொன்னார். ஆறாம் நாள் ஒழுங்கைப் பெண்கள் நாலு பேர் வந்து நாயைப் பார்த்தார்கள். அது அவர்களுக்கு முன்னால் பனங்கொட்டையைச் சப்பிக்கொண்டு கிடந்தது. "முகத்தில ஒரு அமைதி தெரியுது," என்றார் ஒருவர். மாதா செய்ததென்று அம்மா ஊருக்கே சொன்னதை, இல்லை நான் செய்தது என்று எப்படிச் சொல்வது? அது பாவமா இல்லையா என்று கேட்கக்கூட எனக்கு ஆளில்லை.

எட்டாம் நாள், திருநாளுக்கு முந்திய நாள். நாள் முழுக்க எனக்குக் கோயிலில் வேலை. பீடத்துக்குப் பூ, தோரணம், பின்னேரம் வெஸ்பர் ஆராதனையில் மணி அடிப்பது. பிறவுணியை ஓடவிட நேரமில்லை. வடலிப்பக்கமும் போகவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட இருந்தபோது ஐயா நல்ல மனநிலையில் இருந்தார்.

"குளிகாரர் இண்டைக்கும் கொண்டந்திட்டாங்கள். திருநாளெண்டு அட்டைக்குத் தெரியுமே? முன் முத்தத்தில இடமில்லை, மாதா சுற்றுப்பிரகாரம் வருகுதெண்டு வெள்ளை மணல் பரவிக் கிடக்கு. வடலிக்குப் பின்னால கொண்டுபோனனாங்கள். என்ன மண்ணப்பா அது! மண்வெட்டியே வைக்கத் தேவையில்லை, கையால அள்ளுப்படுது. ஈரமும் அளவாக் காணும். இவ்வளவு நாளும் இப்பிடியொரு இடம் கிடந்தது தெரியாமப் போச்சு."

"மாதா காட்டின இடம்," என்றார் அம்மா.

என் வாயில் சோறு இருந்தது. அதை முப்பத்திரண்டு தரம் மென்றேன். விழுங்குவதற்குள் ஐயா பேச்சை மாற்றிவிட்டார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். குப்பி விளக்கோடு போய் ஐயாவும் குளிகாரரும் கால் மணித்தியாலத்தில் வேறிடத்தில் புதைத்திருப்பார்கள். மீன் தலைக்கு ஓர் அடியோ இரண்டடியோ விழுந்திருக்கும். அதற்குப் பதிலாக நான் போய் நாயை வேலிக்கட்டையில் தும்புக்கயிற்றை இரட்டையாகப் போட்டுக் கட்டினேன். ஐந்து முடிச்சு. ஐந்து முடிச்சுக்கு ஐந்து அருள்நிறை மரியே செபம் சொன்னேன்.

முடிச்சை எண்ணினேன். கயிறு தும்பு என்பதையும், எட்டு நாளாகப் பனந்தும்பைச் சப்பக் கற்றுக்கொடுத்தவன் நான்தான் என்பதையும் எண்ணவில்லை.

திருநாள் பூசை விடியற்காலம். எல்லாரும் போனோம். நெல்லுக்காரரும் குடும்பத்தோடு வந்து கோயில் வாசலில் நின்றார். பூசை முடிந்ததும் ஐயா அவரையும் மாமாவையும் தேத்தண்ணீருக்குக் கூட்டிவந்தார். முன் முற்றத்து வெள்ளை மணலில் ஒரு கால் தடம் இல்லை. அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் வீட்டுக்குப் பின்னாலிருந்து பிறவுணி வந்தது. கழுத்தில் ஒரு சாண் கயிறு. மூக்கெல்லாம் மண். வாயில் ஓர் அட்டை. ஐயாவைத் தாண்டி, மாமாவைத் தாண்டி, நேரே என்னிடம் வந்து என் காலடியில் அதைப் போட்டுவிட்டு, தலையை நீட்டிக்கொண்டு நின்றது, தடவச் சொல்லி.

"பாருங்கோ கள்ளனை," என்றார் மாமா. "பிடிபட்டிட்டன் எண்டு தெரிஞ்சு சின்னவனைக் கெஞ்சுது."

நான் தடவவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

புதைத்தது நூற்றுப் பதினெட்டு. வெளியே கிடந்தது முப்பத்தேழு. பல் பட்டது இருபத்திரண்டு. ஐயா இந்த முறை ஈர்க்கு எடுக்கவில்லை. அட்டைகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார், திரும்பாமலே சொன்னார்.

"அண்ணை, உங்கட கரத்தையில இடமிருக்கோ?"

நெல்லுக்காரர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிள்ளை அழுமே."

"அழமாட்டான்," என்றார் ஐயா. நான் அழவில்லை.

அது கரத்தையில் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தது. எங்காவது ஓடப்போகிறோம் என்று நினைத்திருக்கும். முகப்பிலிருந்த ஒரு கயிற்றைக் கடிக்கவும் தொடங்கிவிட்டது. கரத்தை பெரிய தெருவில் ஏறித் தாராபுரம் பக்கம் திரும்பும்வரை நான் எண்ணிக்கொண்டு நின்றேன். என்ன எண்ணினேன் என்பது மட்டும் இப்போது ஞாபகமில்லை. என் வாழ்வில் நான் எண்ணி மறந்தது அது ஒன்றுதான்.

பிறகு வீட்டில் நடந்ததுதான் மோசம். அம்மாவுக்கு நாய் போனதைவிட மாதா கைவிட்டதுதான் பெரிதாக இருந்தது. "எட்டு நாள் காத்தவ, திருநாளண்டு ஏன் விட்டவ? இந்த வீட்டில ஆரோ ஒராள் அவவின்ர மனம் நோகப்பண்ணியிருக்கிறம்." இரண்டு நாள் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் அக்கா அழுதுகொண்டு, தான் நவநாள் நேரத்தில் பாட்டுக்காரப் பெடியன் ஒருவனைப் பார்த்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டாள். அம்மா அவளுக்கு அகப்பைக்காம்பால் போட்டார். நான் அறைக்குள் இருந்து எண்ணினேன். ஆறு. ஆறும் எனக்குரியவை. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மீன் தலையைச் சொன்னேன். நாயைச் சொல்லவில்லை.

நாலு கிழமை கழித்து நெல்லுக்காரர் அரிசியோடு வந்தார். வந்ததும் வராததுமாக, தேத்தண்ணீரைக்கூட வாங்காமல் ஐயாவிடம் சொன்னார்:

"தம்பி, என்ன நாயப்பா தந்தனீ! எங்கட வரம்பெல்லாம் எலிவளை, தெரியுந்தானே. அறுவடைக்குப் பிறகு கிண்டிப் பிடிக்காட்டில் அடுத்த போகம் போச்சு. நான் மண்ணைத் தட்டி 'இங்க' எண்டால் போதும், அதில மட்டும் கிண்டுது. பக்கத்துப் பாத்தியில நகம் படாது. பிடிச்ச எலியைக் கொண்டந்து காலடியில போட்டிட்டுத் தலையைத் தடவட்டாம் எண்டு நிக்கும். சுத்துவட்டாரத்தில எல்லாரும் கேக்கினம், ஆர் பழக்கினதெண்டு. ஆர் பழக்கினது?"

"ஒருத்தரும் பழக்கேல்ல," என்றார் ஐயா.

"நான்தான்," என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கியது. நாலு கிழமையாக வாயைத் திறக்காதவன், புகழ்ச்சி என்றதும் திறந்துவிட்டேன். அம்மா குசினி வாசலில் நின்றார். கையில் தேத்தண்ணீர்.

"எங்க பழக்கினனீ?" என்று கேட்டார் ஐயா. கோபமில்லாமல்தான் கேட்டார்.

"வடலிக்குப் பின்னால."

"எப்ப?"

"நவநாளுக்க. ஒவ்வொரு நாளும்."

நெல்லுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கெட்டிக்காரன்!" என்று என் முதுகில் தட்டினார்.

"அண்டைக்குச் சாப்பிடேக்க நான் இடத்தைச் சொன்னனான்," என்றார் ஐயா. "நீ பக்கத்தில இருந்தனீ."

"ஓம்."

"கேட்டனீ?"

"ஓம்."

அம்மா தேத்தண்ணீரை நெல்லுக்காரரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நேரே அக்கா இருந்த இடத்துக்குப் போய், ஒன்றும் சொல்லாமல், அவளுடைய தலையை அவிழ்த்து வாரிப் பின்னத் தொடங்கினார். அக்கா காலையில்தான் பின்னியிருந்தாள்.

"தம்பி, பிள்ளைக்கு விருப்பமெண்டால் அடுத்த முறை கொண்டந்து விடுறன்," என்றார் நெல்லுக்காரர். ஐயா என்னைப் பார்க்கவில்லை.

"வேண்டாம் அண்ணை. அங்க அதுக்கு வேலை இருக்கு. இங்க கட்டித்தானே வைப்பம்."

அன்றைக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. பின்னேரம் அட்டை அவிந்து முடிந்தது. குளிகாரர் தாச்சியை இறக்கினார்கள். ஐயா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். முன் முற்றத்தில், எப்போதும் புதைக்கிற அதே இடத்தில், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டார்:

"இதில புதைக்கலாமோ?"

குளிகாரர் என்னைப் பார்த்தார்கள். "ஓம் ஐயா," என்றேன். அவர் வெட்டத் தொடங்கினார்.

அடுத்தநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும். கிண்டுவதற்கு வளவில் நாயும் இல்லை, மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. என்றாலும் சோளகம் ஓய்ந்து அட்டைக் காலம் முடியும்வரை, மண்ணில் முதல் வெட்டு வைக்கமுன் என்னைக் கூப்பிட்டுக் கேட்காமல் அவர் ஒருநாளும் புதைக்கவில்லை. இருபத்தாறு பின்னேரம். அவர் அதைக் குத்தலாகக் கேட்டாரா, அல்லது அந்த வளவில் தனக்குத் தெரியாததும் ஒன்று உண்டு என்று ஏற்றுக்கொண்டு கேட்டாரா? குரலை எத்தனையோ தரம் நினைவில் கொண்டுவந்து பார்க்கிறேன். பதின்மூன்று நாள் ஒரு மாதிரிக் கேட்கிறது, பதின்மூன்று நாள் மற்ற மாதிரி.